இடது காட்டரைத் திருப்பிப் போடு

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை மலையிலிருந்து சைக்கிளிலேயே இறங்கி வரப்போவதாகச் சின்னப்பொண்ணு அக்காவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாய். இந்தக் கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படிக்காமல் அந்தச் சைக்கிளில் ஏறாதே. முதல் நாலு வரியைப் படித்ததும், அம்மா ஆரம்பித்துவிட்டாள் என்று மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். அதனால் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் சைக்கிளின் இடது பக்கக் காட்டர் தப்பாகப் போடப்பட்டிருக்கிறது. மிதிக்கட்டையைத் தாங்குகிற கிராங்கை நடு அச்சோடு இறுக்கிப் பிடிப்பது சுண்டுவிரல் நீளமுள்ள அந்த இரும்பு ஆப்பு ஒன்றுதான். அதைத் திருப்பிப் போடாமல் மலைப் பாதையில் இறங்கினால், ஏதாவது ஒரு கொண்டை ஊசி வளைவில் நீ எழுந்து நின்று பிரேக் பிடிக்கும்போது கிராங்க் உன் காலோடு சேர்ந்து வழுக்கும். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று நான் எழுதப் போவதில்லை. அந்தப் பாதையின் ஓரம் எப்படியிருக்கும் என்பதை என்னைவிட நீதான் இப்போது நன்றாகப் பார்த்திருக்கிறாய்.

சின்னப்பொண்ணு அக்கா இன்று மத்தியானம் வந்தார். சாமையும் கடுக்காயும் விற்பதற்காக வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து வந்து, திரும்பிப் போகும்போது நம் வீட்டில் ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டுப் போவாரே, அதே ஆள்தான். பஸ் நின்றுபோனதால் இந்த முறை காட்டு வழியாக நடந்தே இறங்கியிருக்கிறார். தலைச்சுமையை இறக்கி வைக்கும் முன்பே, "உம் புள்ள வந்து சேந்துட்டாம்மா, பள்ளிக்கூடத்துல கையெழுத்தும் போட்டுட்டான்" என்றார். வாத்தியார் வேலையில் சேர்வதற்குக் கொடுத்த கெடு முடிகிற அன்று, பள்ளிக்கூடம் விடுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாய். நல்லது. அதற்காக நான் எந்தச் சாமிக்கு என்ன வேண்டிக்கொண்டேன் என்ற விவரம் உனக்குத் தேவையில்லை. அவர் அடுத்துச் சொன்னதில்தான் என் சந்தோஷம் போயிற்று. "கையெல்லாம் கிரீஸு. பெரிய வாத்தியாரு நோட்டுல கைநாட்டு வெச்சாப்பல பதிஞ்சிப் போச்சின்னு அங்க ஒரே சிரிப்பு. மலை ஏத்தம் பூரா வண்டிய மாடு ஓட்டிக்கினு வர்றாப்பல தள்ளிக்கினு வந்தான். மிதிச்சா எடது பக்கம் டக்கு டக்குன்னு அடிக்குது, ஆடுது. நானே பாத்தேன்" என்றார். அதோடு நீ சொல்லியனுப்பியதையும் ஒப்பித்தார். அசல் சான்றிதழ்களைப் பள்ளியில் கேட்கிறார்களாம், ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறாயாம். இறக்கம்தானே, மிதிக்கவே வேண்டாமாம், சர்ரென்று வந்துவிடுவாயாம்.

சான்றிதழ்களை அவரிடமே கொடுத்தனுப்பினால் நீ வர வேண்டிய அவசியமே இருக்காதே என்று கேட்டுப் பார்த்தேன். "அது வேணாம்மா" என்று கையை ஆட்டினார். "வழியில ஓடைத் தண்ணி இடுப்பு வரைக்கும் போய்க்கினு கெடக்குது. உம் புள்ள படிச்சதெல்லாம் தண்ணியோட போச்சின்னா பழி எம்மேல வரும். கடுதாசின்னா குடு, முடிஞ்சிக்கினு போறேன். நனைஞ்சா இன்னொண்ணு எழுதிக்கலாம்." ஆகவே கடிதம். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. உன்னோடு பேசித்தான் பழக்கம், அதுவும் நீ வேறு எதையோ பார்த்துக்கொண்டிருக்கும்போது. இந்தக் கடிதத்தை நான் ஒரு மாதத்துக்கு முன்பே எழுதி உன் சட்டைப் பையில் வைத்திருக்க வேண்டும். அன்றைக்குத்தான் அந்தச் சத்தம் முதலில் கேட்டது.

உனக்கும் கேட்டது. கேட்கவில்லை என்று சொல்லாதே. கடைத்தெருவிலிருந்து நீ வருகிறாய் என்பதை அந்தச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு டக். நாலு தடவையாவது சொன்னேன். முதல் தடவை "கேக்குது, கேக்குது" என்றாய். அடுத்த தடவை "அது அந்த மாடல் அப்படித்தான்" என்றாய். பாண்டிச்சேரியில் ஒரு வெள்ளைக்காரர் ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன பிரெஞ்சு வண்டி. நீ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தில் வாங்கியது. முன்னால் சின்னது பெரியதாக இரண்டு பல்சக்கரம், பின்னால் கியர், இருபுறமும் பை மாட்டக் கம்பி. இதில் மலை ஏறலாம், ராமேஸ்வரம் போகலாம், காசிக்கே போகலாம் என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாய். எனக்கு அந்த வண்டியைப் பிடிக்காது என்பதை நான் மறைத்ததில்லை. அதற்காக அது உடைய வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. உனக்கு அந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போனதில்தான் எனக்கு வருத்தம்.

வேலை உத்தரவு வந்த அன்றே நீ கிளம்பியிருந்தால் பஸ்ஸில் போயிருக்கலாம். துணி தைக்கக் கொடுத்திருக்கிறேன், இரண்டு நாள் பொறு என்றேன். அந்த இரண்டாம் நாள்தான் இடஒதுக்கீடு கேட்டுப் போராடுகிறவர்கள் ரோட்டில் மரத்தை வெட்டிச் சாய்க்க ஆரம்பித்தார்கள். பஸ் இல்லை, ஜீப் இல்லை. உன் அப்பா லாரியோடு உளுந்தூர்பேட்டையில் மாட்டிக்கொண்டார். முன்னாலும் பின்னாலும் லாரி, ரோட்டிலேயே அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள் என்று நடந்து வந்த ஒருவர் சொன்னார். கெடுவுக்குள் நீ சேராவிட்டால் வரிசையில் அடுத்து இருக்கிற ஆளுக்கு வேலை போய்விடும். பி.எஸ்சி. முடித்துவிட்டு நீ வீட்டில் இருந்த நாளெல்லாம் நான் பட்ட கவலையை நீ பார்த்ததில்லை. அது உன் முதுகுக்குப் பின்னால் பட்ட கவலை. கடைசியில், வேண்டாம் வேண்டாம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்த அந்த வண்டி ஒன்றுதான் உன்னை வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று ஆயிற்று. அதைச் சரி பண்ண நானே உன்னோடு கிளம்பினேன்.

தங்கவேல் சைக்கிள் கடையில் நடந்தது உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் உனக்குத் தெரிந்தது உன் பக்கத்துக் கதை. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அவர் குனிந்து எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, தம்பியக் கூட்டிக்கினு வந்துக்கிற" என்றார். தம்பி இல்லை, பையன் என்றேன். "இம்மாம் பெரிய பையனா. அப்ப எனக்கு வயசாயிப்போச்சி" என்றார். நீ நெளிந்தாய். உன்னோடு நான் எங்கே வந்தாலும் இந்தப் பேச்சு வந்துவிடும், அதனால் நான் வருவதே உனக்குப் பிடிக்காது. தங்கவேல் இடது காட்டரைத் தட்டி எடுத்தார். அது வளைந்து தேய்ந்து வந்தது. அதோடு விட்டிருந்தால் ஒரு புதுக் காட்டரோடு முடிந்திருக்கும். ஆனால் அச்சு ஆடுகிறது, உள்ளே பேரிங் குண்டு போயிருக்கும், கப்பைக் கழற்றிப் பார்த்துவிடலாம் என்றார். அச்சைச் சுற்றி இரண்டு பக்கமும் மரையில் முறுக்கியிருக்கிற இரும்பு வளையம்தான் கப். நம் ஊர் சைக்கிள் எல்லாவற்றிலும் வலது பக்கக் கப் எதிர்ப்பக்கமாகத்தான் சுற்றும். அதைக் கழற்றுவது தங்கவேலுக்குச் சோற்றைப் பிசைவது மாதிரி, பார்க்காமலே கை போகும். போயிற்று. அசையவில்லை.

நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் அழுத்த அழுத்த, உள்ளே கிர்ரென்று ஒரு சத்தம். இறுகுகிற சத்தமும் அவிழ்கிற சத்தமும் வேறு வேறு, தம்பி. ஊறுகாய் ஜாடி மூடியை ஆயிரம் தடவை திறந்து மூடியவளுக்கு அது தெரியும். இயற்பியல் படித்ததற்காகச் சொல்லவில்லை. முதல் வருடப் பரீட்சையை உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டும், கடைசி வருடப் பரீட்சையை உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டும் எழுதி நான் வாங்கிய பட்டம் என்றைக்கும் யாருக்கும் உபயோகப்பட்டதில்லை, அன்றைக்கும் அதைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. காதில் கேட்டதைச் சொன்னேன். "அண்ணா, இது வெளிநாட்டு வண்டி, ஒரு தடவை அந்தாண்ட திருப்பிப் பாருங்களேன்" என்றேன். அவர் ஸ்பேனரை விடாமலே, "வலது கப்புன்னா ரிவர்ஸ்தாங்க்கா. எங்கப்பன் காலத்துலேந்து அப்படித்தான். காலேஜ்ல சைக்கிளா படிச்சீங்க" என்றார். டீக்கடையிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர் சிரித்தார். அது பரவாயில்லை. அப்புறம் நீ பேசினாய். "அம்மா, அவருக்குத் தெரியாதா. நீ கொஞ்சம் சும்மா இரேன்."

சும்மா இருந்தேன். ஸ்பேனரின் வாலில் ஒரு இரும்புக் குழாயைச் சொருகி, தங்கவேலும் நீயும் சேர்ந்து தொங்கினீர்கள். பட்டென்று விட்டுக்கொண்டது. கப் வெளியே வந்தது, அதோடு வண்டியின் மரையும் சுருள் சுருளாக, வறுத்த சேமியா மாதிரி கொட்டியது. கப்பைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்த தங்கவேலுக்கு, பிரெஞ்சு வண்டியில் அது நேர்ப்பக்கமாகச் சுற்றுகிற மரை என்ற விஷயம் புரிந்துவிட்டது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் வாய் என்ன சொல்லிற்று. "துரு ஜாஸ்திக்கா, இன்னா பண்றது." உனக்கும் புரிந்தது. நீ என்னைத் திரும்பிப் பார்ப்பாய் என்று காத்துக்கொண்டிருந்தேன். நீ துருவைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அதற்கப்புறம் நடந்ததற்கு நான் தங்கவேலைக் குறை சொல்ல மாட்டேன், ஓடியாடி வேலை செய்தார். பிரெஞ்சுக்காரனுடைய கிராங்க் செட் இனி அதில் உட்காராது. நம் ஊர் கிராங்க் செட் ஒன்றை எடுத்தார். அதன் கப் அந்த ஓட்டையில் லொடலொடவென்று ஆடியது. எண்ணெய் டின்னை வெட்டி அந்தத் தகட்டைச் சுற்றி முறுக்கினால் பிடிக்கும் என்றார். தகட்டை வெட்டியது வீட்டுக்கு ஓடி நான் எடுத்து வந்த தையல் கத்தரிக்கோல், அது இனிமேல் துணி வெட்டாது. கப் பிடித்தது. ஆனால் நம் ஊர் பல்சக்கரத்தின் பல் தடிமன், பழைய செயின் அதில் ஏறவில்லை. செயினை மாற்றினால் பின்னால் கியர் வேலை செய்யவில்லை. முன்னால் சின்னச் சக்கரமும் இல்லை. காசிக்குப் போக வேண்டிய வண்டி சாயங்காலத்துக்குள் பால்காரர் வண்டி ஆகிவிட்டது. உன் முகத்தை அப்போது நான் பார்த்தேன். அதற்குமேல் திட்ட மனம் வரவில்லை. காட்டர் இரண்டையும் அடித்து இறக்குகிற வேலை மட்டும் பாக்கி. அதற்குள் பத்துப் பதினைந்து பையன்கள் தெருவோடு கத்திக்கொண்டு வந்து, "அண்ணே, கடைய மூடுறியா, நாங்க மூடட்டா" என்றார்கள். தங்கவேல் புதுக் காட்டர் இரண்டையும் உன் கையில் திணித்து, "வூட்ல போய்த் தட்டிக்கடா, ஒண்ணும் பெரிய வேலையில்ல" என்று ஷட்டரை இழுத்துவிட்டார்.

வீட்டுக் கொல்லையில் நீ காட்டரை அரத்தால் ராவிக்கொண்டிருந்தபோது உனக்குக் கட்டிக்கொடுக்கப் புளிசாதம் கிளறிக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை எட்டிப் பார்த்தேன். இரண்டாவது தடவை நீ தலையைத் தூக்காமலே, "அம்மா, ப்ளீஸ்" என்றாய். திரும்பிவிட்டேன். வந்து குனிந்து பார்த்திருந்தால் எனக்கு அப்போதே தெரிந்திருக்குமா என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். தெரிந்திருக்காது. மறுநாள் விடிகாலையில், சொல்லிக்கொண்டு நீ ஏறி மிதித்துத் தெருமுனை தாண்டும்போது, பின்னாலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேனே, அப்போதுதான் கண்ணில் பட்டது. உன் ஒரு கால் கீழே முழுதாகப் போய்விட்டது, மறுகால் மேலே வந்து சேரவில்லை. திரும்ப மிதிக்கும்போதும் அப்படியே. முதுகு ஒரு பக்கமாக இழுத்து இழுத்துப் போயிற்று, நொண்டுகிற ஆள் மாதிரி. இரண்டு மிதிக்கட்டையும் ஒன்றுக்கொன்று நேர் எதிராக இல்லை. ஒரு காட்டர் எதிர்ப்பக்கமாகச் செருகப்பட்டிருந்தால்தான் அப்படி ஆகும். கூப்பிட்டேன். நீ திரும்பாமல் கையைத் தூக்கி ஆட்டினாய்.

செருப்புக்கூடப் போடாமல் கச்சிராயபாளையம் ரோட்டில் ஓடினேன். வழியில் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. முதல் மரம் கிடக்கிற இடத்தில் நீ இறங்கித்தான் ஆக வேண்டும், அங்கே பிடித்துவிடலாம் என்று கணக்கு. அங்கே இருந்தது யார் தெரியுமா, உன் சின்ன மாமாதான். ரோட்டுக்குக் குறுக்கே கிடந்த புளியமரத்தின் மேல் துண்டை விரித்து உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். "அவன் இப்பதாங்க்கா போனான். நாங்கதான் வண்டியத் தூக்கி அந்தாண்ட வுட்டோம். மருமவன் வேலைக்குப் போறான்னு நாலு பேரு மேளம் அடிக்காத கொறதான்" என்றான். எனக்கு ஆத்திரம் வந்தது. "நீ மரத்தை வெட்டிப் போடாம இருந்தா அவன் பஸ்ல போயிருப்பான்டா" என்றேன். "அவனாட்டம் புள்ளைங்களுக்குத்தாங்க்கா இந்த மரமே வெட்டினது" என்றான். "வேலைக்குச் சேர முடியாம போச்சின்னா உன் மரத்தை வெச்சிக்கினு அவன் இன்னா பண்ணுவான்" என்று கேட்டேன். அவன் டீயை நீட்டினான். அவன் கேட்பதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. எனக்கு அப்போது நியாயம் வேண்டாம், ஓடுகிற ஒரு சைக்கிளை நிறுத்த வேண்டும்.

அங்கே ஒரு வசதி இருந்தது. மரத்துக்கு மரம் ஆள் இருந்தார்கள், போலீஸ் வருகிறதா என்று ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு ஆள் ஓடிச் சொல்வது அவர்கள் வழக்கம். உன் மாமாவிடம் சொன்னேன், காட்டர் தப்பாகப் போட்டிருக்கிறான், நிறுத்தச் சொல்லு, நட்டு இரண்டும் ஒரே பக்கம் பார்க்கிறதா என்று பார்க்கச் சொல்லு என்றேன். அவன் ஒரு ஆளை அனுப்பினான். அந்த ஆள் அடுத்த மரத்தில் சொல்ல, அவர்கள் அதற்கடுத்த மரத்துக்கு ஆள் அனுப்ப, செய்தி உன்னைப் பிடித்துவிட்டது. எனக்குப் பதிலும் அதே வழியில் வந்தது. வெயில் ஏறுகிற வரைக்கும் அந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தேன். ஓடி வந்தவன் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான். "அம்மா நிக்கச் சொல்லுதுன்னு சொன்னோம்க்கா. எங்கம்மா எப்பவும் அப்படித்தான் சொல்லும்னுட்டு சிரிச்சிக்கினே போயிட்டான்." காட்டர், நட்டு எல்லாம் வழியில் உதிர்ந்துபோய், அம்மா நிற்கச் சொல்கிறாள் என்பது மட்டும்தான் உன்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. உன் மாமாகூடச் சிரித்தான். மலையடிவாரத்துக்கு அப்புறம் யாரும் மரம் வெட்டவில்லை, அதனால் அங்கிருந்து எந்தச் செய்தியும் இல்லை. சின்னப்பொண்ணு அக்கா வருகிற வரைக்கும் நான் எப்படி இருந்தேன் என்பதை விட்டுவிடு.

எங்கம்மா எப்பவும் அப்படித்தான் சொல்லும். இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாளாகக் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன். கோபம் முழுக்க உன் மேல் என்று நினைத்தேன். இன்று கடுக்காய் மூட்டையைப் பிரித்துக்கொண்டே சின்னப்பொண்ணு அக்கா, "நீ எதுக்குதாம்மா பயப்பட மாட்ட" என்று சாதாரணமாகக் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். மேகம் அருவிக்கு உன் வகுப்பே போனபோது உன்னை அனுப்பவில்லை, பாறை வழுக்கும் என்றேன். போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்கள், நனைந்த தலையோடு வகுப்பில் பேசிப் பேசிச் சிரித்தார்கள், நீ ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. கோமுகி அணைப் பக்கம் போகாதே, ராத்திரியில் தயிர் சாப்பிடாதே, பஸ்ஸில் ஜன்னல் பக்கம் கையை வைக்காதே, அந்தப் பையனோடு சேராதே, மழையில் நிற்காதே. இதில் எத்தனை உண்மை, எத்தனை என் பயம் என்று நீ எப்படிக் கண்டுபிடிப்பாய். எல்லாவற்றையும் ஒரே குரலில்தான் சொல்லியிருக்கிறேன். தயிரும் காட்டரும் ஒரே சத்தத்தில் வந்தால் கேட்கிறவன் இரண்டையும் ஒன்றாகத்தானே ஒதுக்குவான். உன்னைப் பெற்றபோது எனக்கு உலகம் தெரியாது. எது பிள்ளையைக் கொல்லும், எது கொல்லாது என்று சொல்லித்தரக் கூட யாரும் இல்லை. எல்லாமே கொல்லும் என்று வைத்துக்கொள்வது எனக்குச் சுலபமாக இருந்தது. அதற்காக நீ என்னைச் சும்மா இரு என்று ஊர் முன்னால் சொன்னது சரி என்று ஆகாது. அது சரியில்லை. நாளைக்கு உன் வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, சார், அது அப்படியில்லை என்றால், அந்தப் பிள்ளை தினமும் எழுந்து தொணதொணக்கிற பிள்ளையாகவே இருந்தாலும், அன்றைக்கு அது சொல்வதை ஒரு தடவை திருப்பிப் பார். திருப்பிப் பார்ப்பதால் எதுவும் உடைந்துவிடாது. திருப்பிப் பார்க்காததால் என்ன உடைந்தது என்று உனக்கே தெரியும்.

என் பேச்சு உனக்குப் போதாது என்பதால் தங்கவேல் வீட்டுக்கே போய்க் கேட்டுவிட்டு வந்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மெக்கானிக் சொன்னால்தானே கேட்பாய். இரண்டு நட்டும் ஒரே பக்கம் பார்க்கப் போட்டால் என்ன ஆகும் என்றேன். "வண்டி நொண்டும்க்கா. ஆப்பு மட்டமா உக்காராது, ஒரு ஓரத்துல மட்டும் கடிச்சிக்கினு நிக்கும். மேட்டுல தள்ளிக்கினு போறதுக்குப் பரவால்ல. எறக்கத்துல ரெண்டு மிதியிலயும் ஏறி நின்னான்னா புடுங்கிக்கும். அப்படியா போட்டுக்கினு போனான்? அய்யய்யோ, நான் சொல்லியனுப்பி இருக்கணும்க்கா" என்றார். அப்புறம் என்னைப் பார்க்காமல், "அன்னிக்கு நீங்க சொன்னதையும் ஒரு தபா பாத்துருக்கலாம்" என்றார். எனக்கு அதில் ஒரு சந்தோஷமும் வரவில்லை. காட்டர் இரண்டு கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்த இரண்டும் இந்தக் கடிதத்தோடு துணியில் சுற்றி வருகிறது. அவர் சொன்ன அளவுக்கு நானே ராவிவிட்டேன், விரலில் இரண்டு இடத்தில் தோல் போயிற்று. பழைய இரண்டையும் எடுத்துவிடு. ஒரு மிதியை மேலேயும் ஒரு மிதியைக் கீழேயும் நிறுத்திக்கொள். ஒரு பக்கக் காட்டரின் நட்டு முன் சக்கரத்தைப் பார்த்தால் அடுத்த பக்கத்து நட்டு பின் சக்கரத்தைப் பார்க்க வேண்டும். கிராங்குக்கு அடியில் கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு அடி, இல்லையென்றால் உள்ளே குண்டு நசுங்கும். நட்டைக் கையால் இறுக்கி ஏமாந்துவிடாதே, அடித்து இறக்கின பிறகுதான் நட்டு. பள்ளிக்கூட மைதானத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு மறுபடி ஒரு அடி. டக் சத்தம் இருந்தால் இறங்காதே. சான்றிதழ் ஒரு வாரம் தாமதமாக வந்தால் எந்தப் பெரிய வாத்தியாரும் வேலையைப் பிடுங்கமாட்டார். நீ சேர்ந்து கையெழுத்துப் போட்டாயிற்று.

இதற்குப் பின்னால் இன்னும் இரண்டு தாள் எழுதியிருந்தேன். மலைக் காய்ச்சல், கொசுவலை, கொதிக்க வைத்த தண்ணீர், ஓடையில் குளிக்காதே, ராத்திரியில் வெளியே போகும்போது டார்ச் இல்லாமல் போகாதே. கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். மோர்ச் சொம்போடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த சின்னப்பொண்ணு அக்கா, "ஏம்மா, மெனக்கெட்டு எழுதிட்டுக் கிழிக்கிற. தாளு இன்னா கனமா கனக்கப் போவுது, நான் தூக்க மாட்டனா" என்றார். ஜாஸ்தியாகிவிட்டது அக்கா என்றேன். "எனக்கும் ரெண்டு புள்ளைங்க கீதுங்க. ஜாஸ்தியாத்தான் ஆவும்" என்றார். அவர் நாளை விடிவதற்கு முன் கிளம்பிவிடுவார். வெள்ளிக்கிழமைக்குள் உன் கையில் கொடுத்துவிடுவதாகச் சொல்கிறார். கொடுத்த கையோடு போய்விடாமல், நீ காட்டரைக் கழற்றுகிற வரைக்கும் பக்கத்தில் நில்லுங்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவமானமாக இருந்தால் இருக்கட்டும்.

கழற்றின அந்த இடது காட்டரைத் தூக்கி எறிந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை வரும்போது சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வா. தங்கவேல் சொன்னபடி என்றால் அது ஒரு ஓரத்தில் மட்டும்தான் தேய்ந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் கை நீட்டி முதலில் அதைத்தான் கேட்பேன். சாப்பிட்டாயா என்று கேட்பதெல்லாம் அதை நான் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான்.

அம்மா